மதகுக்காரியை எங்கே வைத்தாய்?

ஜூன் 4

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் கொஞ்ச நேரத்திலேயே நீ வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவாய். நானும் "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லிக்கொண்டே கோபத்தைத் தொலைத்துவிடுவேன். இந்தக் கோபத்தைத் தொலைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் கடிதம்.

மதகுக்காரியை எங்கே வைத்தாய்?

வியாழக்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பும்போது, "அவளை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள். ஐஸ் பாக்டரிச் சுவரை ஒட்டி நடந்து கால்வாய்க் கரையில் ஏறினோம். மதகின் சக்கரம் இருக்கிறது. அப்பா பிடித்துத் திருப்பித் திருப்பி வழுவழுப்பாகிப்போன அதே சக்கரம்தான். பக்கத்தில் அவள் இல்லை. அவள் நின்ற இடத்தில் சதுரமாகச் சிமெண்டு பூசியிருந்தது. சரியாகக் காயவில்லை. ஏதோ ஒரு நாய் நடுவில் கால் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அம்மா செருப்பு நுனியால் அந்தச் சிமெண்டைத் தட்டிப் பார்த்தாள்.

"எங்கடி போயிட்டா?"

"குளிக்கப் போயிருப்பாம்மா" என்றேன்.

"தண்ணியிலயே நிக்கிறவளுக்கு எதுக்குடி குளியல்? சொல்லாம போற பழக்கம் அவளுக்குக் கிடையாதே."

சாயங்காலம் கொத்தனாரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "உங்க அண்ணன் கையெழுத்துப் போட்ட உத்தரவும்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். எனக்குத் தெரியும் என்று ஊரில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். என் சொந்த அண்ணன் என்னிடம் சொல்லாமல் செய்வான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கோவிலைச் சீரமைக்கக் குழு அமைத்தார்கள், வெளியூரில் இருக்கிற நடுநிலையான ஆள் என்று உன்னைத் தலைவராக்கினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோவிலுக்குள் இருந்த மூன்று சாமிகளை, பெரியவரை, வாசல்காரனை, விதைக்காரியை, நீங்கள் என்ன செய்தாலும் அது உங்கள் பாடு என்று பேசாமல் இருந்தேன். மதகுக்காரி கோவிலுக்குள் இருந்தவளே இல்லை. வெயிலிலும் மழையிலும் கரையில் தனியாக நின்றவள். அவளை எதற்குத் தொட்டாய்?

அம்மாவுக்கு எண்பது வயது. சில நாள் என்னை நர்ஸம்மா என்று கூப்பிடுகிறாள். உன்னை நினைத்துக்கொண்டால், "ஸ்கூல் விட்டு வந்துட்டானா?" என்று கேட்கிறாள். மதகுக்காரியை மட்டும் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. உடைந்த மூக்கு, மற்றதைவிடப் பெரிய இடது கண், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தினமும் மத்தியானம் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால்தான் அன்றைக்கு அவள் சாப்பிடுவாள்.

எங்கே இருக்கிறாள் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


ஜூன் 11

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்தலையைக்கூடக் கோபமாகத்தான் ஒட்டியிருக்கிறாய், தலைகீழாக இருந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு உங்களுக்கு நல்லா இருக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அவள் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படிதான் இன்னும் ஆகவில்லை.

முதலில் உன் கேள்விக்குப் பதில். பத்திரமாக இருக்கிறது. எங்கள் கல்லூரியின் பழைய பொருட்கள் அறையில், கோணிப்பையில் சுற்றி வைத்திருக்கிறேன். கீறல்கூட விழவில்லை.

உன்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. சொன்னால் நீ விடமாட்டாய் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

இனி ஏன் என்று சொல்கிறேன். வேண்டாம் என்றாலும் சொல்வேன், நீ என் தங்கை. போன வருஷம் நடந்தது உனக்கு மறந்திருக்காது. மேட்டுத் தெருக்காரர்கள் வாசல்காரனுக்குத்தான் முதல் விளக்கு என்றார்கள். பள்ளத் தெருக்காரர்கள் விதைக்காரிக்குத்தான் என்றார்கள். விலக்கிவிடப் போன மருந்துக்கடைக்காரருக்கு மண்டை உடைந்தது. இன்றைக்கும் அவருக்கு ஒரு காது கேட்பதில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்க நீ போகிற கடைதான், அடுத்த முறை அவரிடமே கேட்டுப் பார். அந்த இரண்டு தெருவையும் ஒரு மேஜையில் உட்கார வைத்து நான் ஒன்றைத்தான் சொன்னேன். இவர்கள் நான்கு பேர் இல்லை. ஒருவரே காக்கும்போது வாசல்காரன், விளைவிக்கும்போது விதைக்காரி, தண்ணீரை அடக்கும்போது மதகுக்காரி. உனக்கு நான் அண்ணன், அம்மாவுக்கு மகன், மாணவர்களுக்கு சார். ஆள் ஒருவன்தானே? கூப்பிடுகிறவர்கள் நிற்கிற இடம்தான் வேறு. பெயர்கள் நாம் வைத்தவை, முகங்கள் நாம் செதுக்கியவை.

அன்றைக்கு அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே கூடம், ஒரே விளக்கு. அதற்குப் பிறகு ஊரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கரையில் ஒருத்தியை மட்டும் விட்டுவைத்தால், "தலைவர் வீட்டுச் சாமிக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்டிருப்பார்கள். கேட்பதற்கு முன்பே எடுத்துவிட்டேன். இன்னொருவருடையதை எடுக்கச் சொல்லிவிட்டு நம்முடையதை வைத்துக்கொண்டால் நான் என்ன மனுஷன்?

அம்மாவைப் புதுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. மதகுக்காரி எங்கேயும் போகவில்லை, இதற்குள்தான் இருக்கிறாள் என்று பக்குவமாகச் சொல். நாலு நாள் தேடுவாள், பிறகு பழகிவிடும். வயதானவர்கள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

கோபத்தைக் குறைத்துக்கொள். வேலை முடிந்து வந்து பட்டினி கிடக்காதே.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன். நான் செய்யவில்லை என்று பிறகு நீ சொல்லக் கூடாது, அதற்காகவே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நல்ல சேலை கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். உன் கூடம் அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், பேசினால் குரல் திரும்பி வருகிறது. நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் வரவேற்பறையும் இப்படித்தான் இருக்கும். நடுவில் ஆளுயரத்துக்கு அவர், நீங்கள் செய்துவைத்த புதுச் சாமி. முன்னால் பெரிய விளக்கு.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பேங்க் மேனேஜர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு என் காதில், "இவரு யாரு?" என்று கேட்டாள்.

"எல்லாரும் இவர்தாம்மா. மதகுக்காரியும் இதுக்குள்ளதான் இருக்கா."

அம்மா மெதுவாகக் குனிந்து விளக்குக்குப் பின்னால் பார்த்தாள். அவருக்குப் பின்பக்கம் போய் ஒரு சுற்று வந்து சுவரையும் தொட்டுப் பார்த்தாள். உனக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரலாம். பக்கத்தில் நின்ற எனக்கு வரவில்லை.

"இல்லடி. அவ இங்க இல்ல. இவரு யாரோ பெரிய மனுஷரு."

"இவர்கிட்டயே பேசிப் பாரேம்மா."

"இவர்கிட்ட என்னத்தப் பேச? எனக்கு இவரைத் தெரியாது. நான் அவகிட்ட என்னென்னவோ சொல்லி வெச்சிருக்கேன். அதையெல்லாம் முன்னபின்ன தெரியாத ஆம்பளகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?"

அவரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, தப்பா வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாள்.

இப்போது உன் உதாரணத்துக்கு வருகிறேன். நீ அண்ணன், நீ மகன், நீ சார். ஆள் ஒருவன்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நீயும் உன் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் ஒரே ஆளா? அவரும் ஒருவருக்கு அண்ணன்தான். நாளைக்கு உன்னைக் காணோம் என்று நான் தேடி வந்தால், தையல்காரரைக் காட்டி, "இவருக்குள்ளதான் இருக்கார், பேசிட்டுப் போங்க" என்று அண்ணி சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்? எல்லாரும் மனிதர்கள்தான். அதனால் எல்லாரும் ஒரே மனிதர் ஆகிவிடுவார்களா?

என் மேஜையில் இப்போது ஆறேழு பேருடைய பல் செட் காய்ந்துகொண்டிருக்கிறது. பல் என்பது ஒரு தத்துவம்தான் என்று சொல்லி ஒருவருடையதை எடுத்து இன்னொருவர் வாயில் நீயே மாட்டிவிடு. அவர்கள் திட்டுவது உன் காதில் தெளிவாக விழாது, அவ்வளவுதான் லாபம்.

இன்னொன்றையும் கேட்கிறேன். நான்கு பேரையும் ஒன்றாக்கினாய், சரி. அந்த ஒன்று ஏன் பெரியவர் மாதிரியே இருக்கிறார்? அதே மீசை, அதே உட்காரும் தோரணை. மூக்கு உடைந்தவளாக ஏன் இல்லை? எல்லாம் ஒன்றுதான் என்றால் மதகுக்காரியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் பெரியவரைக் கோணிப்பையில் சுற்றியிருக்கலாமே. அதற்கு உன் குழு ஒத்துக்கொண்டிருக்குமா? எல்லாம் ஒன்று என்கிற பேச்சு வரும்போதெல்லாம் சின்னவர்கள்தான் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது.

சண்டை நின்றது நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசல்காரனும் விதைக்காரியுமா கட்டையால் அடித்துக்கொண்டார்கள்? ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டதற்கு அவர்களை ஏன் காலி செய்தீர்கள்?

கடைசியாக ஒரு செய்தி. முந்தாநாள் விடிவதற்கு முன்னால் அம்மா படுக்கையில் இல்லை. மதகுப் படியில் இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். இப்போதைய மதகுக் காவலர்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "விழுந்துட்டாளோன்னு பாக்கப் போனேன்" என்கிறாள் அம்மா. தனக்கு ஆபத்து என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவளைத் திருப்பி அனுப்பு.

தங்கை


ஜூன் 27

தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேச்சுப்போட்டியாக இருந்தால் உனக்குத்தான் பரிசு. இது பேச்சுப்போட்டி இல்லை.

அம்மா விடியற்காலையில் தனியாக மதகுப் படியில் நின்றாள் என்று கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதுகிறாய். முதலில் எழுத வேண்டிய செய்தி அதுதான். இரவில் வாசல் கதவைப் பூட்டு. சாவியை உன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள். நரம்பு டாக்டரிடம் காட்டு. அவளுடைய பிரமைக்கு நீயும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறாய். "குளிக்கப் போயிருப்பா" என்று சொன்னது யார்? அது கல்தாம்மா, வெறும் கல் என்று ஒரு நாளாவது அவளிடம் சொன்னாயா?

சொல்லமாட்டாய். உனக்கே அப்படித் தோன்றுவதில்லை. அந்த வீட்டைவிட்டு நீ வெளியே வரவே இல்லை. பேசிப் பழக ஆள் இல்லாத வீட்டில் கல்லும் உறவாகிவிடும்.

திருப்பி அனுப்ப முடியாது. ஒன்று திரும்பினால் மேட்டுத் தெரு வாசல்காரனைக் கேட்கும், மறுநாள் பள்ளத் தெரு விதைக்காரியைக் கேட்கும், அதற்கடுத்த நாள் யாருடைய மண்டை உடையும் என்று நீயே சொல். உன் அம்மாவுக்காக ஊரே அடித்துக்கொள்ள வேண்டுமா? என் அம்மாவும்தான், தெரியும். அதனால்தான் முடியாது என்கிறேன்.

அவளை ஆள், ஆள் என்கிறாய். சரி, ஒரு பேச்சுக்கு ஆள் என்றே வைத்துக்கொள்வோம். மதகுக்கு அவள்தானே காவல்? அப்பா கால் வழுக்கி அந்த மதகுக்குள் விழுந்த அன்றைக்கு அவள் எங்கே போயிருந்தாள்? கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், உன் பேச்சுப்படி. அப்பா தினமும் வேலைக்குப் போகும்போது அவளிடம் சொல்லிக்கொண்டுதான் சக்கரத்தைத் தொடுவார். நீ அப்போது கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் அம்மா இத்தனை வருஷமாகப் போய்ப் பேசுகிறாளே, அது எப்படி முடிகிறது என்று என்றைக்காவது அவளிடம் கேட்டிருக்கிறாயா?

அவள் ஒரு குறியீடு, அவ்வளவுதான். தண்ணீரைப் பார்த்துப் பயந்த மனிதர்கள் அந்தப் பயத்துக்கு வைத்த ஒரு பெயர். அப்படி இருப்பதுதான் அவளுக்கும் கௌரவம்.

இதைப் பற்றி இனி எழுதாதே.

அண்ணன்


ஜூலை 3

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இல்லாவிட்டாலும் போ.

நீ சொன்னபடி வாசலைப் பூட்டினேன். சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். அம்மா சமையலறைப் பின்கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள். அந்தக் கதவை அவள் வருஷக்கணக்காகத் தொட்டதில்லை, பூட்டத் தோன்றவில்லை எனக்கு. மதகுப் படியில் பாசி. அப்பா வழுக்கிய அதே படி. தண்ணீரில் விழவில்லை, படியிலேயே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நேற்று ஆப்பரேஷன் முடிந்தது. நீ புறப்பட்டு ஓடிவரும் அளவுக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் நேற்று போனில் மூன்று வாக்கியத்தோடு வைத்துவிட்டேன். அதற்குமேல் பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

வீட்டைவிட்டு வெளியே வராதவள் என்று எழுதினாயே. எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து நான் பெட்டி கட்டிய அன்றைக்கு, "அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவ?" என்று கேட்டது யார்? நீதான். அதை நீயே கேட்டுவிட்டு, அடுத்த வாரம் உன் பெட்டியை நீ கட்டினாய். நான் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்லிக்காட்டுகிறேன். எனக்கும் உனக்கும் நடுவில் இதுவும் இருக்கட்டும்.

அம்மாவிடம் கேட்டாயா என்றாய். கேட்டேன். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அவளுக்கு அப்போது நினைவு நல்ல தெளிவாக இருந்தது.

"அம்மா, அப்பா விழுந்தப்ப அவ பக்கத்துலதானே நின்னா. அவமேல உனக்குக் கோபம் இல்லையா?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு வயசாகியும் இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"கோபம் இல்லாமலா? பின்ன தினமும் எதுக்குப் போறேன்னு நெனச்ச? கும்பிடவா?"

"கும்பிடத்தான் போறேன்னு நெனச்சேன்."

"திட்டப் போறேன்டி. உங்கப்பா போன மறுநாள் போனேன். மண்ணை வாரி அவ மூஞ்சியில அடிச்சேன். சுத்தியலை எடுத்துட்டுப் போய் மூக்கை உடைச்சதே நான்தான். ஊர்ல யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் தினமும் போவேன். கைக்குழந்தையோட என்னை இப்படி நிக்க வெச்சுட்டியேன்னு கேப்பேன். வாயில வந்ததையெல்லாம் கேப்பேன். கேக்கறவங்க யாரு இருந்தாங்க சொல்லு? சொந்தக்காரங்க நாலு நாள் கேட்டாங்க. அப்புறம் நான் வர்றதப் பாத்தா தெருவை மாத்திப் போனாங்க. அவ ஒருத்திதான் ஒரு நாளும் எந்திரிச்சுப் போகல. மூக்கு உடைஞ்சும் நின்னா."

"அப்புறம் மன்னிச்சுட்டியாம்மா?"

"அவளையா? இன்னும் இல்ல."

"பின்ன ஏன் தேடற?"

"நான் இன்னும் சொல்லி முடிக்கலையே."

இதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். எனக்கு அம்மாவை நினைத்து வருத்தம், உன்மேலே ஆத்திரம், இரண்டும் சேர்ந்து வந்தது.

பயத்துக்கு வைத்த பெயரோடு யாராவது இத்தனை வருஷம் சண்டை போடுவார்களா? எங்கும் நிறைந்திருக்கிற ஒன்றின் மூக்கை எப்படி உடைப்பது? அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வந்தார்கள், எல்லாம் விதி, எல்லாம் ஒன்று என்று உன்னைப் போலவே சொன்னார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருத்தி. எனக்குத் தெரிந்து மதகுக்காரி பதில் சொன்னதே இல்லை. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. நகர்த்தியது நீ.

அவள் கல்லா ஆளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உன் அளவுக்கு நான் படித்தவள் இல்லை, அம்மா அளவுக்குப் பழகியவளும் இல்லை. ஆனால் அம்மா கண் விழிக்கும்போதெல்லாம், "வந்துட்டாளா?" என்று கேட்கிறாள். நர்ஸ் காதில் அது "வந்துட்டானா?" என்றுதான் விழுகிறது, நீ வருவதைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "மகன் வருவார் பாட்டி" என்கிறார். அம்மா இல்லையென்று தலையாட்டுகிறாள்.

அவள் திரும்பி வராமல் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், செய்தி உனக்கு வரும். என் கடிதம் வராது.

தங்கை


ஜூலை 10

அன்புள்ள வாலுக்கு,

நான் முடித்துவிடுகிறேன், அதுவரை கிழித்துப்போடாதே.

மூக்கை அம்மா உடைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த மூக்கு எப்போது உடைந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் முழுசாகத்தான் இருந்தது. பிறகு நான் அந்தப் பக்கமே போகாததால் கவனிக்கவில்லை. ஏன் போகவில்லை என்று உன்னிடம் சொன்னதில்லை. அண்ணியிடமும் சொன்னதில்லை.

அப்பா காலையில் விழுந்தார். உடல் கிடைத்தது மத்தியானத்துக்கு மேல். நடுவில் அத்தனை நேரமும் ஆட்கள் கொக்கியும் கயிறுமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கரையில் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நான் அவள் முன்னால்தான் நின்றேன். அப்பாவை மேலே கொண்டுவா என்று கேட்டேன். அழுது கேட்டேன், மிரட்டிக் கேட்டேன், என்னை எடுத்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் அந்தப் பெரிய இடது கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குப் புரிகிறதா? பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைத் தூக்கிக் கரையில் போட்டார்கள்.

அங்கே ஒருத்தி இருந்திருந்தால், ஒரு பையன் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டே சும்மா நின்றவள் அவள். அப்படி ஒருத்தி இருக்கிற உலகத்தில் என்னால் சாப்பிட முடியாது, தூங்க முடியாது. அதனால் அங்கே யாரும் இல்லை என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அந்த முடிவுக்குக் காரணம் தேடித்தான். நல்ல காரணங்கள் கிடைத்தன. பெரிய பெரிய ஆட்கள் சொன்ன காரணங்கள். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். ஊர்ச் சண்டையையும் அது நிறுத்தியது. அதெல்லாம் இன்றைக்கும் பொய் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கு மத்தியானம் பழைய பொருட்கள் அறைக்குப் போனேன். ஒரு சேதமும் இல்லை என்று பார்த்து உனக்கு எழுதலாம் என்றுதான் போனேன். உடைந்த பெஞ்சுகளுக்கும் ஒரு பழைய தராசுக்கும் நடுவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கோணிப்பையை அவிழ்த்து, திருப்பி வைத்தேன். கனமாக இருந்தாள். மூச்சு வாங்கியது. மூக்கில்லாமல், அதே கண்.

என்ன ஆயிற்று என்று எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. கத்தினேன். "என்னடி பாக்கற?" என்று ஆரம்பித்தது மட்டும் நினைவிருக்கிறது. இந்த வாயால் இதுவரை நான் யாரையும் சொல்லாத வார்த்தைகளெல்லாம் வந்தன. அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அம்மாவை அந்தப் படியில் ஏன் விழவிட்டாய், ஒரு வீட்டில் ஒருத்தர் போதாதா என்று கேட்டேன். உன் பெட்டியைப் பற்றிக்கூடக் கத்தினேன் என்று நினைக்கிறேன், அதற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. பெஞ்சின் உடைந்த காலைக் கையில் எடுத்துவிட்டேன். அடிக்கவில்லை. அம்மா அடித்துவிட்டாளே, அது போதும் என்று தோன்றியதோ என்னவோ.

அலுவலக உதவியாளர் ஓடி வந்து கதவருகே நின்று, "யார்கூட சார் பேசறீங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷமாக நான் நடத்துகிற தத்துவப் பாடத்திலேயே அதுதான் முதல் கேள்வி.

சனிக்கிழமை காலை சிறிய லாரி ஒன்று உன் தெருவுக்கு வரும். கொத்தனாரிடம் பேசிவிட்டேன். சிமெண்டைக் கொத்திவிட்டு அதே இடத்தில், மதகைப் பார்த்த மாதிரியே நிறுத்திவிடுவார். தலைவர் பதவியை விட்டுவிட்டேன் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். மேட்டுத் தெரு கேட்கும், பள்ளத் தெருவும் கேட்கும். கேட்கட்டும். அதே அறையில் இருக்கிற வாசல்காரனையும் விதைக்காரியையும் அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். ஆனால் அடுத்த தலைவர் யாராக இருந்தாலும், யாருக்கு முதல் விளக்கு என்பதை மட்டும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டுக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். மருந்துக்கடைக்காரரின் இன்னொரு காதாவது மிச்சம் இருக்கட்டும்.

அம்மா எழுந்து உட்கார ஆரம்பித்ததும் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போ. கரைக்கு ஏறும் இடத்தில் மேடு, தனியாகத் தள்ளாதே, காவலரைக் கூப்பிட்டுக்கொள். படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டி விஷயம் நீ சொன்னது உண்மை. அதற்கு இந்தக் கடிதத்தில் இடம் போதாது, நேரில் வந்து பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அண்ணியும் வருகிறாள், மாடிப்படி இல்லாத ஊர்தானே என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு நேராக வந்துவிடுவேன். நான் வந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவள் வந்துவிட்டாள் என்று சொல், அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் மனம் மாறிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. வகுப்பில் நாளைக்கும் அதையேதான் நடத்துவேன்.

அவளைப் பார்க்க என்னைக் கூப்பிடாதே, கரைப் பக்கம் நான் வரமாட்டேன். எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

உன்
அண்ணன்